பெண் பார்க்க வந்த பரீட்சை

பெண் பார்க்க வருகிறவர்கள் இந்தக் காலத்தில் பஜ்ஜியைத் தின்றோமா, பெண்ணைப் பார்த்தோமா, எழுந்தோமா என்றா இருக்கிறார்கள்? முனியப்பனுக்கு எரிச்சலாக வந்தது.

பொம்மிடியிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மாதேஷுக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை. அவனுடைய அக்கா ஐஸ்வர்யாதான் செல்போனைப் பார்த்துப் பார்த்து முனியப்பனின் மகள் வெண்மதியைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அங்க நாலு பெரிய மனுசங்களோட பழகணும். வெறும் இங்கிலீஷ் பத்தாது, அவங்க பேசற தோரணை வரணும். நான் சொல்றத வெச்சு ஒரு வாக்கியம் சொல்லு. ‘அண்டர் த வெதர்.’”

வெண்மதி தடங்கலில்லாமல் ஏதோ சொன்னாள்.

“கரெக்ட்! ஒடம்புக்கு முடியலன்னு அர்த்தம்ங்க மாமா.”

“முடியலன்னா முடியலன்னு சொல்றதுக்கு என்னா கேடு?” என்றார் முனியப்பன். சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்கிற மாதிரியல்லவா இருக்கிறது! மாட்டுக்குக்கூட ஒரு தடவையோடு விட்டுவிடுவார்கள்.

“அடுத்தது, ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்.’”

வெண்மதி ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். “மை ஃபாதர் ஸ்மைல்ஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்.”

வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒன்றும் புரியாமலே அவர் மனைவி குள்ளம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்னா சொன்ன?”

“நீங்க சிரிக்கிறது அத்தி பூத்தாப்பலன்னு சொன்னம்பா.”

“அதத் தமிழ்ல சொன்னா தாலி ஏறாதா?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “இந்தச் சம்பந்தம் வேணாம். கெளம்புங்க.”

ஐஸ்வர்யாவின் முகம் சுண்டிப்போனது.

“இருப்பா,” என்ற வெண்மதி மாதேஷ் பக்கம் திரும்பினாள். “அதே வார்த்தைதாங்க. நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க.”

மாதேஷ் தலையைச் சொறிந்தான். காது சிவந்தது. “எனக்கு இதெல்லாம் வராதுங்க. தமிழும் கன்னடமும் கலந்தடிச்சுத்தான் ஆபீஸ்ல ஓட்டறேன்.” தன்னை நினைத்துத் தானே சிரித்துவிட்டான். “அக்கா, மொதல்ல அந்தப் போன உள்ள வை.”

வெண்மதியும் சிரித்தாள். “அப்பா, எனக்கு இவரப் புடிச்சிருக்கு.”

“புடிச்சா கட்டிக்க. இவ்ளோ நேரம் அவன் வாயில என்னா கொழுக்கட்டையா இருந்துச்சுன்னு கேளு.” குள்ளம்மாளிடம், “பூ வெச்சுட்டுப் போகச் சொல்லு. பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்தணும்,” என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினார்.

முதுகுக்குப் பின்னால் மறுபடியும் சிரிப்புச் சத்தம். அவர் திரும்பவில்லை.

“சிரிச்சுட்டா நல்லவனாயிடுவானா?” என்று முணுமுணுத்தபடியே தோட்டத்துப் பக்கம் நடந்தார்.