உதடு ஒட்டும் பெயர்

பிளாஸ்டிக் மூளையைத் தேங்காய் மூடிபோல இரண்டாகப் பிரித்து மேஜைமேல் வைத்தாள் ஒதாலிஸ். என் கணவர் அப்தியேலுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அவள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து அவர் விழுந்து ஐந்து வாரமாகிறது. வலது கை தொங்கிப்போய்விட்டது. இருந்த பேச்செல்லாம் போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. தண்ணீர் வேண்டுமானாலும் அதுதான், கால் வலித்தாலும் அதுதான்.

"மிரேயா," என்றார் இப்போதும், அந்த மூளையைப் பார்த்து.

என் பெயர் நெரெய்தா.

இடது பாதியில், நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே அவள் விரல் வைத்தாள். "பேச்சைக் கோத்து வெளிய அனுப்புற இடம் இது. இங்கதான் அடி. காதுக்கு மேல இருக்கே, இது கேட்டுப் புரிஞ்சுக்கிற இடம். இது நல்லாத்தான் இருக்கு. நீங்க பேசுறது அவருக்குப் புரியும்."

"புரியட்டும். அந்தப் பேரு எங்க இருக்கு? அதைக் காட்டு."

"பேருக்குன்னு தனி இடமெல்லாம் இல்ல, சென்யோரா. அடைச்ச நேரத்துல வாசல்ல எந்த வார்த்தை நின்னுச்சோ அது மாட்டிக்கும்னு சொல்றாங்க. அர்த்தம் தேடாதீங்க."

தேடாமல் எப்படி இருப்பது? விடிந்ததும் பஸ் எடுக்கப் போன மனிதரின் வாசலில் அவளுக்கு என்ன வேலை? எங்கள் கோலோன் ஊரில் பஸ்ஸின் முதுகில் எழுதியிருப்பது வீட்டுக்காரியின் பெயர். அதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. அப்தியேல் அந்தப் பழைய பஸ்ஸை வாங்கி வந்தபோது, பூவும் கிளியுமாக அதில் மிரேயா என்றுதான் இருந்தது. பழைய முதலாளியின் மகள் என்றார். நம்பினேன். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத்தான் என் பெயர் ஏறியது. பெயிண்டருக்கு நேரமில்லை என்று சாக்கு. அப்போதும் பழையதைச் சுரண்டவில்லை, மேலேயே பூசினார்கள்.

நேற்று குளிப்பாட்டும்போது, "யாருய்யா அவ?" என்று கேட்டே விட்டேன். அவர் அழுதார். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "மிரேயா, மிரேயா" என்றார். என்னைக் கூப்பிடுகிற அதே குரல். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"பாட்டுக்கு வலது பக்கமும் கைகொடுக்கும்," என்றாள் ஒதாலிஸ். "பேச்சு போனவங்க சில பேர் பாடிடுவாங்க. இன்னைக்கு உங்க பிறந்தநாள், சென்யோரா. அவர் சீட்டுல உங்க பேருக்குப் பக்கத்துல பார்த்தேன். அந்தப் பாட்டையே ஆரம்பிக்கட்டுமா?"

அவர் இடது கையில் தாளம் தட்டிக்கொண்டு பாடினாள். முதல் வரியில் அவர் வாய் சும்மா அசைந்தது. இரண்டாவது வரியில் குரல் வந்தது. வாழ்த்து, பிறந்தநாள், உனக்கு என்று ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக வந்தது. ஐந்து வாரத்துக்குப் பிறகு அவர் பேச்சைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த வரியில் பெயர் வரும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினேன். ஒதாலிஸ் தட்டுவதை நிறுத்தவில்லை. உள்ளங்கையில் அவர் மூச்சு சுட்டது. என் பெயரை உதடு ஒட்டாமல் சொல்லிவிடலாம். அவள் பெயரை அப்படிச் சொல்ல முடியாது. கை கண்டுபிடித்துவிடும் என்று காத்திருந்தேன்.

உதடுகள் அசைந்தன. நான் அழுத்திய அழுத்தத்தில் அவை ஒட்டியே இருந்தன.