கொழும்பில் அடித்த கோல்

ஐஸ் பெட்டி வாசற்படியில் மாட்டிக்கொண்டது. பின்னால் பிடித்தவன் தள்ள, முன்னால் பிடித்தவன் இழுக்க, நிலைக்கதவின் பெயின்ட் உரிந்ததுதான் மிச்சம்.

"சாய்ச்சிப் புடிங்கப்பா!"

"இதுக்கு மேல சாய்ச்சா தரையிலதான் வெக்கணும்."

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். உள்ளே புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. வாசலைப் பெரிதாக்க வேண்டும் என்று கல்யாணமான வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். பீரோ வந்தபோது இடித்தது, கட்டில் வந்தபோது இடித்தது. "இந்த டோர்னமென்ட் முடியட்டும், ஆள வரச்சொல்றேன்" என்பார் கன்னியப்பன். டோர்னமென்ட் என்றைக்கு முடிந்திருக்கிறது? இப்போது அவருக்கான பெட்டியே உள்ளே வர மாட்டேன் என்கிறது.

"தெருவுலயே வைங்க. ஜனங்க வந்து போவ அதான் வசதி" என்றாள்.

தெருவில் ஷாமியானா போட்டு, ஆளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெட்டியில் படுக்க வைத்தார்கள். விடியற்காலை எழுந்து தண்ணீர் கேட்டவர், கொண்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். மில்லில் முக்கால் ஆயுசு, மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலை, மீதி நேரமெல்லாம் மைதானம். கழுத்தில் விழுந்த மாலைகளில் பாதி முதலியார்பேட்டையின் பந்தாட்டக்காரர்கள் போட்டவை.

காலடியில் சாமிக்கண்ணுவும் பாவாடையும் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பனோடு சேர்த்து மூன்று பேரும் ஒரே மில், ஒரே ஷிப்ட், ஒரே டீமுக்கு ஒரே கூச்சல். துக்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சாமிக்கண்ணு கொழும்பைத்தான் எடுத்தார்.

"ஃபிளைட்ல ஜன்னலாண்ட சீட்டு அவருக்கு. கண்ண மூடிக்கினு கெட்டியா என் கையப் புடிச்சிக்கினாரு. எறங்கனதும் இன்னா சொன்னாரு தெரியுமா? மேகம் சூப்பரா இருந்துச்சின்னாரு!"

சிரித்தார்கள். சாவு வீட்டில் அழுகைக்கு நடுவே சிரிப்பு வருவது புதிதில்லை. அஞ்சலாட்சிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கொழும்பு என்றால் அவளுக்கு அப்பா செத்த வாரம். ஆறு வருஷத்துக்கு முன்னால், 2003இல், அங்கிருந்து ஒரு கிளப் இந்த ஊர் டீமை ஆட அழைத்தது. ஆட்டக்காரர்களோடு ரசிகர்களாக இந்த மூன்று பேரும் ஒட்டிக்கொண்டார்கள். போன மறுநாள் பாகூரில் அப்பா போய்விட்டார். எந்த லாட்ஜ், என்ன நம்பர், யாருக்கும் தெரியாது. பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டிய மூத்த மாப்பிள்ளை எங்கே என்று ஊரே கேட்டது. "பந்து பாக்கப் போயிருக்காரு" என்று அண்ணன் அருள்முருகன் சொன்ன சொல் அன்றைக்கு எல்லோர் எதிரிலும் அவள் முகத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு அண்ணன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

திரும்பி வந்தவர் விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார், உண்மைதான். ஆனால் பத்து நாளில் கோலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். டீமில் ஆடிய நெடுமாறன் கடைசி நேரத்தில் அடித்த கோல். அவள் மீன் கழுவும்போது சொன்னார், துணி துவைக்கும்போது சொன்னார், வந்த விருந்தாளிக்கெல்லாம் சொன்னார். கேட்டுக் கேட்டு அவளுக்கே அது மனப்பாடம். போகட்டும், பிறவியில் ஒரு தடவை பார்க்கக் கிடைத்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். உறவுக்காரர்கள் குத்திக்காட்டும்போது உள்ளுக்குள் அவள் பிடித்துக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

இன்றைக்கு அண்ணன் வந்திருந்தான். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெட்டிப் பக்கமே போகாமல் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணெதிரேதான் சாமிக்கண்ணு மறுபடியும் மறுபடியும் கொழும்பு என்று உருகிக்கொண்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் எழுந்து சாமிக்கண்ணுவிடம் போனாள். "அண்ணே, கொஞ்சம் பின்னால வாங்க."

தண்ணீர்த் தொட்டியருகே சாமிக்கண்ணு வந்து நின்றார். பாவாடையும் கூடவே வந்தார். மூன்று பேரில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு யாருக்கும் பழக்கமில்லை.

"எங்க அண்ணன வெச்சிக்கினு அதயே பேசணுமா? அப்பிடி இன்னாதான் பாத்துட்டு வந்தீங்க அங்க? எங்கப்பன் மூஞ்சியக் கடைசியாப் பாக்கறத விட அந்தக் கோலு ஒசத்தியா?"

சாமிக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாங்க பாக்கவே இல்ல தங்கச்சி."

"டேய், வேணாம்டா" என்றார் பாவாடை.

"இனிமே மறைச்சி இன்னாடா ஆவப்போவுது? தங்கச்சி, அவரு மேட்ச் ஆரம்பிக்கறதப் பாக்க மாட்டாரு, தெரியுமில்ல?"

தெரியும். ஒரு தடவை முதல் விசில் ஊதும்போது கன்னியப்பன் மைதானத்தில் இருந்தார், டீம் நாலு கோல் வாங்கியது. அதிலிருந்து ஆட்டம் தொடங்கும் வரை வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர் தனியாக நிற்கக் கூடாது என்று இவர்களும் நிற்பார்கள். பெரிய மனுஷர்கள் மூன்று பேர் சுவரைப் பார்த்து நிற்பதைத் தெருவே கேலி செய்யும்.

"அங்கயும் அதான். டீம முன்னால அனுப்பிட்டு டீ குடிச்சிக்கினு நின்னோம். கூச்சல் கேட்டதும் உள்ள ஓடுனோம். மஞ்சச் சட்டை ஆடுது. நம்ம சட்டையும் மஞ்சதான? தொண்டை கிழியக் கத்தறோம். ரொம்ப நேரம் கழிச்சி கோல் காக்கற கோலி எங்க பக்கம் பந்து எடுக்க வந்து என்னமோ சிங்களத்துல கேக்கறான். அப்பறந்தான் மூஞ்சியப் பாக்கறோம். நம்ம பசங்க ஒருத்தன் இல்ல. அது வேற மேட்ச்சு. நம்ம மேட்ச்சு மதிலுக்கு அந்தாண்ட மைதானத்துல."

"செவுரு ஏறிக் குதிச்சோம்" என்றார் பாவாடை. "அதுலதான் கன்னியப்பண்ணன் செருப்பு அறுந்துச்சி. போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி, நம்ம பசங்க ஆடிக்கினு வர்றானுங்க. நெடுமாறன் ஓடியாந்து அண்ணனக் கட்டிப் புடிச்சிக்கினு, மாமா என் கோலப் பாத்தீங்களான்னு கேட்டான். அவன் மூஞ்சியப் பாத்துட்டு, பாத்தேன்டான்னுட்டாரு. அவ்ளோதான். அப்பறம் பசங்க பேசறத வெச்சி ஒட்டுப் போட்டுக்கினதுதான் எல்லாம்."

அஞ்சலாட்சிக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பாவின் சாவையும் பார்க்கவில்லை, ஆட்டத்தையும் பார்க்கவில்லை. யாரோ எவனோ ஆடியதற்குத் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்திருக்கிறார். இதற்காகவா அவள் ஆறு வருஷம் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தாள்? எழுந்து வந்து பதில் சொல்லட்டும். ஒரே ஒரு நிமிஷம் எழுந்து வரட்டும். ஐஸ் பெட்டிக்குள் மூக்கில் பஞ்சோடு ஒன்றும் தெரியாதவர் மாதிரி படுத்திருக்கும் மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது?

முன்பக்கம் யாரோ பெரிய குரலெடுத்து அழுதார்கள். நெடுமாறன் வந்திருந்தான். பஸ் டிரைவர் காக்கிச் சட்டையோடு, முட்டி போன வலது காலை இழுத்துக்கொண்டு, பெட்டியின் மேல் கவிழ்ந்து "மாமா, மாமா" என்றான். அவளைக் கண்டதும் எதிரே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்த, இனிமே யாரு சொல்லுவாங்க அத்த? பேப்பர்ல வரல, ஒரு போட்டோ கெடையாது. கூட ஆடுனவனுங்க ஊருக்கு ஒருத்தனாப் பூட்டானுங்க. எம் பொண்டாட்டியே நம்பல. மாமா வூட்டுக்கு வந்து ஒக்காந்து சொன்னாரு. அதுக்கப்பறந்தான் நம்புனா. எனக்கே சில நேரம், அப்பிடித்தான் அடிச்சேனான்னு சந்தேகமா இருக்கும். மாமா சொன்னா உண்டுன்னு இருக்கும்."

"எங்கப்பன் சாவுக்கு வராம பாத்த கோலாச்சே" என்றான் அண்ணன், நாற்காலியிலிருந்தபடியே. "நல்லாத்தான் பாத்திருப்பாரு."

சாமிக்கண்ணுவும் பாவாடையும் அவள் வாயையே பார்த்தார்கள். உண்மை நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் இந்த வயிற்றெரிச்சலில் பாதியாவது இறங்கும். நெடுமாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். இதே முகத்தைத்தானே அவரும் அன்றைக்குப் பார்த்திருப்பார் என்று நினைத்ததும் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"மழ தூறிக்கினு இருந்துச்சி" என்றாள்.

கூட்டம் அடங்கியது.

"ஒண்ணுக்கு ஒண்ணு. முடியப் போவுது. கார்னர் கொடியாண்ட நீ பந்த வாங்குன. ரெண்டு பேரு மறிச்சான். ஒருத்தன் கால் நடுவுல வுட்ட. இன்னொருத்தன் வழுக்கி வுழுந்தான். கோலி வெளிய ஓடியாந்தான். நீ அவன் தலைக்கு மேல தூக்கிப் போட்ட. கம்பத்துல பட்டு உள்ள போச்சி."

"ஆமா அத்த" என்றான் நெடுமாறன். "கம்பத்துல பட்டுது."

"அது உள்ள போனதும் உங்க மாமா குதிச்ச குதியில செருப்பு வாரு அறுந்துட்டுது. அறுந்த செருப்போடதான் வூட்டுக்கு வந்தாரு. அத நானே பாத்தேன்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "நல்லாத்தான் பாத்துருக்காரு."

சாமிக்கண்ணு துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

சாயங்காலம் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, பாடையில் கிடத்தினார்கள். மோளக்காரர்கள் தயாராக நின்றார்கள். மகன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போய்விட்டான். தோள் கொடுக்க ஆள் கூப்பிட்டபோது சாமிக்கண்ணுவையும் பாவாடையையும் காணோம்.

"காலையிலேந்து காலடியிலயே கெடந்தானுங்க, தூக்கற நேரத்துல எங்க போனானுங்க?" என்று யாரோ கத்தினார்கள். இரண்டு பேர் தேட ஓடினார்கள்.

"தேட வேணாம், தூக்குங்க" என்றாள் அஞ்சலாட்சி. "கெளம்பனதும் வருவாங்க."

"பின்னால ரெண்டு தோளு கொறையுதும்மா."

அருள்முருகன் நாற்காலியிலிருந்து எழுந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பின்பக்க மூங்கிலுக்குக் கீழே குனிந்தான். இன்னொரு பக்கத்தை நெடுமாறன் பிடித்தான். மோளம் அடித்தது. பாடை எழும்பியது.

தெருமுனையில், பெட்டிக்கடைச் சுவரைப் பார்த்து முதுகு காட்டி நின்றிருந்த இரண்டு பேரும் அப்போதுதான் திரும்பி ஓடி வந்தார்கள்.