இடது, வலது, வால்

நேராகப் போகிற அம்பு ஒன்று வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது நான் அப்போதுதான் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். நடுப்பகல். ஐரோலியில் கால் சென்டர் ராத்திரி ஷிப்டை விட்டுச் சில மாதங்கள் ஆகியும் உடம்பு வேறு ஏதோ நாட்டு நேரத்திலேயே கிடந்தது.

“யாருக்கு அம்பு?”

“மாடனுக்குல. இந்தக் கொடைக்கு. சீதா, நேராப் போவணும். கொஞ்சம்கூட ஆடக் கூடாது.”

அண்ணன் சுடலைக்கண்ணன் அணுசக்தி நகருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸில் காண்ட்ராக்ட் டிரைவர். தாராவியில் எங்கள் ஆட்கள் கட்டிய சுடலைமாடன் கோயிலில் கோமரத்தாடியும் அவன்தான். கொடை நாளில் சாமி இறங்கி ஆடுவது அவன் மேல். ஆட்டத்தின் உச்சத்தில் வேட்டை. கோயில் வில்லை எடுத்து, எதிரே நட்டிருக்கும் வாழைமரத்தில் ஒரே ஓர் அம்பு விட வேண்டும். பட்டால் சாமி வந்துவிட்டது. படாவிட்டால் வந்தது வேறு ஏதோ.

போன வருஷம் படவில்லை. அம்பு பாதி வழியில் மீன் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி, வில்லுப்பாட்டுக்காரரின் குடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. மேளம் நின்றது. மைக் அணையாமல் இருந்ததால் கமிட்டித் துணைத்தலைவர் இசக்கிதுரையின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

“சாமி வரலேன்னா சொல்லிரும் வே சுடல. பஸ் வரலேன்னா ஸ்டாப்புல நாங்க காத்துக் கெடக்கலையா?”

சிரித்தார்கள். அண்ணன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இந்த வருஷமும் தவறினால் வில் இசக்கிதுரை கைக்குப் போகும் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. தன் மேலும் மாடன் வருவதாக அவர் கொஞ்ச நாளாகச் சொல்லி வந்தார். அண்ணனுக்கு வில் போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவனைத் தின்றது வேறு.

“நேராப் போற அம்புலயும் தப்பிச்சுன்னா மாடன் எங்கிட்ட இல்லன்னு அர்த்தம். நானே எறங்கிருதேன். பட்டா, இருக்காருன்னு தெரிஞ்சிரும்லா. எனக்குத் தெரியணும்ல. அவ்வளவுதான்.”

“உனக்கே தெரியாதா?”

“பஸ் ஓட்டுறது நான்தான்னு தெரியும். இது தெரியல.”

“நீயே நாலு நாள் விட்டுப் பழகிக்கோயேன்.”

அது கூடாது. கோமரத்தாடி கொடை நாளைத் தவிர வில்லைத் தொடக் கூடாது. பழகிப் பட்டால் அது கை. பழகாமல் பட்டால்தான் சாமி. கடையில் வாங்குவதும் ஆகாது. மூங்கில் தண்டு, இரும்பு முனை, நேர்ச்சைக் கோழியின் சிறகு இருந்தால்தான் அம்பு. கடையில் இருப்பதெல்லாம் கார்பன். விலையைப் பார்த்தால் மாடனே வேண்டாம் என்பார்.

“என்னையப் போயி ஏன் கேக்க?”

“வீட்ல சும்மா இருக்கது நீதான?”

அதற்கு மறுப்பு இல்லை.

பந்தல்காரன் கொடி கட்டும் மெல்லிய மூங்கில் குச்சிகளில் கொஞ்சம் பொறுக்கி வந்தேன். நேரானது என்று ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு கணுவும் தனக்கென்று ஒரு திசை வைத்திருந்தது. கேஸ் அடுப்பில் கணுவைக் காட்டி, சூடேறியதும் எதிர்ப்பக்கமாக வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விட்டால் பழையபடி வளையும். பிறகு டைல்ஸ் தரையில் உருட்டிப் பார்ப்பேன். துள்ளினால் மறுபடி அடுப்பு.

“கொழுந்தனாரே, சிலிண்டர் மாடனே தூக்கிட்டு வந்து எறக்குதாரா?” என்று மதினி மாலதி கேட்டாள். ஆனாலும் அடுப்பை விட்டுக் கொடுத்தாள். சிக்னலில் பச்சை விழுந்தும் அண்ணன் பஸ்ஸை எடுக்காமல் நிற்பதாக யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

முனைக்கு மாஹிம் பக்கம் தோல் பட்டறை வைத்திருக்கும் தப்ரேஸிடம் போனேன். மேலப்பாளையத்துக்காரன், என்னோடு படித்தவன்.

“என்ன மாப்ள, கால் சென்டர விட்டுட்டு எந்த ராஜா படையில சேந்துட்ட? சம்பளம் உண்டா, இல்ல கொள்ளையில பங்கா?”

விஷயத்தைச் சொன்னேன். தோல் சீவும் மிஷினில் ஒடிந்துபோன பிளேடுத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

“எருமத் தோலையே வெண்ணெ மாதிரி சீவும். ஒங்க சாமி வெரல வெட்டிக்கிட்டாருன்னா எங்கிட்ட வரக் கூடாது, ஆமா.”

அந்த இரும்பு கடினமானது. அரம் வழுக்கியது. அடுப்பில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, மணலில் புதைத்து மெல்ல ஆறவிட்டதும்தான் வழிக்கு வந்தது. வேப்பிலை வடிவத்தில் அராவி, அடியில் ஒரு நாக்கு விட்டு, தண்டைப் பிளந்து அதில் செருகி, தோல் தைக்கும் மெழுகு நூலால் இறுகச் சுற்றினேன். பழைய அம்பின் முனை எண்ணெய் டின் தகரத்தை வெட்டி மடித்தது. என்னுடையது செய்தித்தாளைத் தொட்டாலே கிழித்தது. அவ்வளவு கூர் வாழைக்குத் தேவையே இல்லை. தெரிந்தும் அராவிக்கொண்டே இருந்தேன்.

கடைசியாகச் சிறகு. போன கொடையில் அறுத்த கோழிகளின் சிறகுகளை மஞ்சள் துணியில் முடிந்து கோயிலில் வைத்திருப்பார்கள். அண்ணன் அந்த முடிச்சையும், போன வருஷம் தவறிய அம்பையும் டூட்டிப் பையில் போட்டுக் கொண்டுவந்தான்.

“எடது றெக்கையில ஒண்ணு, வலதுல ஒண்ணு, வாலுல ஒண்ணு. மூணும் சேந்தாத்தான் கோழி முழுசு. மாடனுக்குக் கொற வைக்கக் கூடாது.”

சொன்னபடியே கட்டினேன். பிவிசி பைப்பைச் சூடாக்கி வளைத்து ஒரு வில் செய்து, எங்கள் கட்டிட மொட்டைமாடியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி விட்டுப் பார்த்தேன். அம்பு லிப்ட் ரூம் சுவரில் பட்டது. அடுத்தது ஒரு டிஷ் ஆண்டெனாவை உரசியது. பெட்டியைத் தவிர எல்லாவற்றிலும் பட்டது.

எனக்குப் புரியவில்லை. தண்டு நேர். முனை நேர். தண்டை மாற்றினேன், நாணை மாற்றினேன். அப்போதும் ஓர் அம்பு இடப்பக்கம், அதே அம்பு மறுபடி வலப்பக்கம். தப்பு என் கையில் என்றால் ஒரே பக்கமாகவாவது தவற வேண்டும். வில்லைக் கீழே வைத்துவிட்டு அம்பைக் கையில் வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. ஆகாயத்தில் போனதும்தான் அதற்கு என்னவோ ஆனது. என் மேலும் ஏதாவது ஏறியிருக்கிறதா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். தன்னையே நம்பாதவன் அண்ணன் மட்டும் இல்லை என்று ஆகிவிட்டது.

காற்றுதான் காட்டிக் கொடுத்தது. கைப்பிடிச் சுவரில் காயவைத்த சிறகுகளில் இரண்டு பறந்து, இரு கட்டிடங்களுக்கு நடுவே கீழே இறங்கின. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று ஒரு பக்கமாகச் சுழன்றது. மற்றது எதிர்ப்பக்கமாக. இன்னும் சிலவற்றைப் பிரித்துப் பிரித்து விட்டுப் பார்த்தேன். இடது றெக்கைச் சிறகுகள் எல்லாம் ஒரு பக்கம், வலது எல்லாம் மறுபக்கம். வாலுக்கு எந்தக் கொள்கையும் இல்லை. இந்த மூன்றையும் ஓர் அம்பின் முதுகில் கட்டினால் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கத்தான் செய்யும்.

மூன்றையும் வலது றெக்கையிலிருந்தே எடுத்துக் கட்டினேன். அம்பு தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு நேராகப் போய் அட்டைப்பெட்டியைத் துளைத்தது. மறுபடியும். மறுபடியும்.

அன்று அண்ணன் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன்.

“ண்ணே, போன வருசம் ஒம் மேல தப்பில்ல. செறகுல தப்பு.”

சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டான்.

“அப்ப அதுக்கு முந்தியெல்லாம் பட்டுதே? அப்பவும் இதே செறகுதான?”

“அது எப்பிடியோ பட்டிருக்கும். அதிர்ஷ்டம்.”

“தப்புனா செறகு. பட்டா அதிர்ஷ்டம். இதுல நான் எங்கல இருக்கேன்? மாடன் எங்க இருக்காரு?”

நான் அம்பை நீட்டினேன்; அவன் இடக்கையால் வாங்கிச் சிறகுகளைத் திருப்பிப் பார்த்தான்.

“மூணும் வலதா? கொற வச்சிட்டியேல.”

“வேண்டாம்னா பழையபடி கெட்டுதேன்.”

அம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

“வேண்டாம். இதே இருக்கட்டும். தெரியணும்.”

“ரெண்டு பேரும் மொதல்ல சோத்தத் தின்னுங்க. அது தெரிஞ்சாப் போதும்” என்றாள் மதினி.

மைக்குக்கு அனுமதி பத்து மணி வரைதான் என்பதால் எங்கள் மாடன் இருட்டுகிற நேரத்திலேயே வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். இந்த வருஷம் கமிட்டி நட்டிருந்த வாழை மெலிந்த கன்று, கை கனம்தான் இருக்கும். அதை ஒட்டினாற்போல் பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ். போனில் வீடியோ எடுத்தால் பேனர் தெரிய வேண்டும் என்பது இசக்கிதுரையின் யோசனை. தலைவர், செயலாளர் எல்லாரும் ஓரத்தில் வட்டம் வட்டமாக. நடுவில் குங்குமப் பொட்டும் கூலிங்கிளாஸுமாக இசக்கிதுரை, வாழையைவிட அகலமாக.

அண்ணன் ஆடி வந்தான். வில்லை எடுத்தான். அவன் கண்களைப் பார்த்தேன். அவை எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. நாண் சத்தம் கேட்டது. அம்பு போனதை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அது வாழைக்குள் இறங்கியிருந்தது. முனை மறுபக்கம் வெளியே வந்து பேனரில் குத்தி நின்றது. இசக்கிதுரையின் நெற்றி நடுவில்.

பெண்கள் குலவை போட்டார்கள். மேளம் பிய்த்துக்கொண்டது. இசக்கிதுரை பேனரைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அப்படியே அவன் காலில் விழுந்தார்.

“அய்யா, மன்னிச்சிரும்யா! தெரியாமப் பேசிட்டேன்யா!”

இப்போதும் மைக் அணையவில்லை.

அண்ணன் குனிந்து அவர் நெற்றியில் திருநீறு பூசினான். என் பக்கத்தில் நின்ற தப்ரேஸ் காதில் கிசுகிசுத்தான். “ஏக்தம், கரெக்டா நெத்தியில மாப்ள! நீ எதப் பாத்து அராவுன?”

நான் எதையும் பார்த்து அராவவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாழை மெலிவு. பிளேடு தோல் சீவுவது. பேனர் பக்கத்தில். அதில் எங்கே குத்தினாலும் இசக்கிதுரைதான், அவ்வளவு பெரிய படம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நெற்றிக்கு என்று ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. காது, தோள், கூலிங்கிளாஸ் எல்லாம் இருந்ததே. அண்ணன் முகத்தைப் பார்க்கலாம் என்று எட்டிப் பார்த்தேன். அவன் காலில் விழ வரிசை நின்றது. அவன் அவர்கள் தலைக்கு மேல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் டிரைவர் சட்டையோடு மொட்டைமாடிக்கு ஏறி வந்தான். கையில் அந்த அம்பு. முனையில் ஃப்ளெக்ஸ் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது, குங்குமப் பொட்டின் பாதி.

“வில் இனி ஒனக்குத்தான்னு பேசிக்கிடுதாவளே” என்றேன்.

“ம்.”

“என்ன ம்? பட்டுட்டுல்லா. பட்டா தெரிஞ்சிரும்னு நீதான சொன்ன?”

“தெரியலல. மேளம் ஞாபகம் இருக்கு. வில்லத் தூக்குனது ஞாபகம் இருக்கு. பெறகு பாத்தா எல்லாரும் கால்ல விழுதாவ.” அம்பை விரலில் வைத்துச் சுழற்றினான். “நேராப் போற அம்ப யாரு விட்டாலும் நேராத்தான போவும்? நீ விட்டாலும் போவும். இசக்கிதுர விட்டாலும் போவும். மாடன் வந்தாரான்னு இது எப்பிடிச் சொல்லும்?”

“நெத்தியில போயி நின்னுச்சே.”

“அது ஒன் பிளேடா இருக்கும். இல்லன்னு நீ சொல்லு பாப்போம்.”

அம்பை வாங்கி, முனையில் ஒட்டியிருந்த ஃப்ளெக்ஸ் துணுக்கைப் பிய்த்தேன்.

“அடுத்த கொடைக்குப் பழைய மாதிரியே கெட்டிரு. எடது, வலது, வால். கோணலாப் போற அம்பு. அது போயிப் பட்டா, அது நானுமில்ல, நீயுமில்ல.”

“படலேன்னா?”

“வில்ல இசக்கிதுரட்ட குடுத்துட்டுப் போயிருதேன்.”

“அவரு இனி வில்லத் தொடுவாருன்னா நெனைக்க? நேத்துலேருந்து காய்ச்சல்ல கெடக்காராம்.”

இதை அவன் யோசித்திருக்கவில்லை. மஞ்சள் துணி முடிச்சை என் பக்கத்தில் வைத்துவிட்டு டூட்டிக்கு இறங்கிப் போனான்.

அவன் சொன்னதில் எங்கோ தப்பு இருக்கிறது என்று அன்று முழுக்கத் தேடினேன். அகப்படவில்லை. முடிச்சை அவிழ்த்துச் சிறகுகளை மூன்று குவியலாகப் பிரித்தேன். இடது, வலது, வால். ஒரு புது மூங்கில் குச்சியை எடுத்தேன். முதல் கணுவிலேயே நன்றாக வளைந்திருந்தது. அதை அடுப்பில் காட்டலாமா, அப்படியே விட்டுவிடலாமா? கோணலாகப் போக வேண்டிய அம்பை எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.