வெள்ளைத் திட்டுகள்

என் கணவர் பல் டாக்டர். சொத்தையை உள்ளே வைத்து மேலே மூடக்கூடாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். மூன்று வருடமாக எங்கள் கார் ஷெட்டில் காருக்கு இடமில்லை. அங்கே சொந்தமாக ஒரு விமானம் கட்டுகிறார். இரண்டே சீட், பின் சீட் உனக்கு என்பார். எனக்கு ஏணியில் ஏறவே பயம்.

விமானத்தின் உடல் முழுக்க தெர்மோகோல் மாதிரியான நீல ஃபோம். அதைத் தேய்த்து, பள்ளங்களை ரெசின் என்கிற பிசின் கலந்த வெள்ளைப் பசையால் அடைத்து, மேலே கண்ணாடி நார்த் துணியை ஒட்ட வேண்டும். ஓரிடம் சரியாகப் பிடிக்காவிட்டாலும் பறக்கும்போது அங்கிருந்துதான் உரியும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வேலை முடியவே கூடாதென்று, அவர் கிளினிக் போனதும் கட்டைவிரலால் ஃபோமில் ஒரு அமுக்கு அமுக்குவேன். ஒரு பள்ளத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். அவர் எலி என்று நினைத்துப் பொறி வைத்தார்.

போன வாரம் கை அழுந்தி, முட்டையளவு குழி விழுந்துவிட்டது. பதறிப்போய், வீட்டுச் சுவர் விரிசலில் பூச வாங்கிய புட்டிப் பசையில் ஒரு கரண்டி எடுத்து அடைத்துத் தேய்த்துவிட்டேன். அவர் அடைத்ததும் வெள்ளை, என்னுடையதும் வெள்ளை.

இன்று காலை துணியை வெட்டி வைத்துவிட்டு ரெசினைக் கலக்கத் தொடங்கினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"கொஞ்சம் நிறுத்துங்க. எலி இல்ல, நான்தான்."

புட்டி வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. எந்த இடம் என்றார். தெரியவில்லை என்றேன். சுவர் புட்டி தண்ணீர் பட்டால் கறுக்கும், உங்கள் பசை கறுக்காது, துடைத்துப் பார்த்துவிடலாம் என்று ஈரத்துணியை எடுத்தேன்.

"வேணாம், விடு. ஒரு இடம்தானே," என்றார்.

சொத்தைக்குப் பாடம் எடுப்பவர் சொல்கிற பேச்சா இது? நான் துடைத்தேன். பின் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு திட்டு கறுத்தது. என்னுடையது. உயிர் வந்தது. விட்டிருக்கலாம், கை நிற்கவில்லை. இறக்கை சேருமிடத்தில் உள்ளங்கையகலத் திட்டு ஒன்று கறுத்தது. அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

கலந்து அப்படியே விட்ட ரெசின் சூடேறி, டப்பாவிலேயே கெட்டியாகிப் புகைந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசை தீந்துபோச்சு. அவசரத்துல..."

"எத்தனை இடம்?"

விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்ததும் இன்னொரு கையை எடுத்தார்.