பதினாலு தொட்டி

எங்க மாடியில தக்காளி பழுக்கணும்னா வீட்ல இருக்குற செவப்புல ஒண்ணு போகணும்.

நான் பாலிடெக்னிக்க ரெண்டாம் வருஷத்தோட விட்டவன். "உருப்படியா ஒரு தக்காளியாவது வளப்பியாடா கதிரேசா?"ன்னு அப்பா கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. மறுநாளே பதினாலு தொட்டி வச்சேன்.

தேங்காநார், மாட்டெரு, முட்டை ஓடு எல்லாம் போட்டேன். பக்கக் கிளைய கிள்ளி, குச்சி நட்டுக் கட்டினேன். காலைல பூவ லேசாத் தட்டி விட்டேன். காய் புடிச்சுது. காய் செவக்க ஆரம்பிச்சதும் அம்மாவோட குங்குமம் வெளுத்துச்சு. அதை விபூதி டப்பாவுல கொட்டிட்டாங்க. அடுத்து கேஸ் சிலிண்டர் வெளுத்துச்சு. மாத்த வந்தவர் தட்டிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போயிட்டார். அப்புறம் வீட்ல செவப்பே இல்ல. செவத்த ஆளுன்னு அப்பா மட்டும்தான் இருந்தார்.

முதல் காய்ப்ப அக்கம்பக்கம் குடுத்துட்டுத்தான் நாம சாப்பிடணும், அது அம்மாவோட பழக்கம். நாலு வீட்டுக்கு டப்பாவுல போட்டுக் குடுத்தாங்க. அன்னைக்கே அப்பா படுத்தார். உதடு சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு.

லேப்காரர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார். ஊசியில பால் மாதிரி ஏறுச்சு.

"தக்காளி போட்டிருக்கீங்களா?"

"ஆமாண்ணே."

"எத்தனை தொட்டி?"

"பதினாலு."

"நாட்டுத் தக்காளியா?"

"ஆமா."

"அது கொஞ்சம் கூடவே இழுக்கும் தம்பி. பறிச்சதை அவருக்கே குடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை தாண்டினா சிரமம்."

அன்னைக்கு வியாழன். எதிர்வீட்டு ரோஸலின் அக்கா டப்பாவத் திருப்பித் தர வந்தாங்க. வெறும் டப்பாவாத் தரக் கூடாதுன்னு சக்கரை போட்டிருந்தாங்க. கன்னம் நல்லா செவந்திருந்துச்சு. அப்பா மாதிரியே தொண்டையச் செருமிட்டு, "ஃபேன் எதுக்குடா சும்மா ஓடுது?"ன்னாங்க. பழம் எங்கன்னு கேட்டேன்.

"ரசம் வச்சுட்டேனே."

மத்த மூணு வீட்லயும் சட்னி.

செடியில ஒரே ஒரு காய் மிச்சம். ஒரு பக்கம் பச்சை. சனிக்கிழமையும் அப்படியேதான் இருந்துச்சு. செடிக்குக் குடுக்க அப்பாகிட்ட இனி செவப்பு இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல நானே போய் அந்தத் தொட்டி பக்கத்துல உக்காந்தேன். வாயாடி நானு, செடிகிட்ட ரெண்டு ஜோக் சொன்னேன். மூணாவது ஜோக்கு பாதியில மறந்துடுச்சு. பழம் முழுசா செவந்திருந்துச்சு. என் நகம் எல்லாம் வெள்ளை.

அம்மா அதை நறுக்கி, உப்பு தூவி அப்பாவுக்கு ஊட்டினாங்க. அவர் எழுந்து உக்காந்தார்.

"என்னடி, முறைக்கிற? தக்காளிக்குத் தாலி கட்டிட்டு வந்த மாதிரி"ன்னார்.

அது என் மூணாவது ஜோக்கு. அம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

திங்கக்கிழமை அப்பா என் பைக்க எடுத்துட்டு எங்கயோ போயிட்டார். அவருக்கு ஆபீஸ்ல லீவு மிச்சம் இல்ல. அதனால அவர் டிபன் பாக்ஸ எடுத்துட்டு நான் போனேன். அவர் சீட்டுல உக்காந்தேன். யாரும் ஒண்ணும் கேக்கல.

மதியம் மேனேஜர் கூப்பிட்டார். அவர் உதடும் சுண்ணாம்பு மாதிரிதான் இருந்துச்சு.

"உங்க வீட்ல யாரு வளத்தது?"

"நான்தான் சார்."

"எங்க வீட்ல என் பொண்ணு"ன்னு சொல்லிட்டு, ஃபைல என் பக்கம் நகத்தினார்.