வங்கி சொன்ன வரவு

எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது, எங்கிருந்துதான் முளைத்தது இந்தத் தொகை, இந்த மாதம் எழுதியதில் இப்படி ஒரு எண்ணே கிடையாது, ஆனால் பற்றுப் பத்தியையும் வரவுப் பத்தியையும் கூட்டினால் வரவு மட்டும் அவ்வளவு தூக்கலாக நிற்கிறது... மறுபடியும் கூட்டினாள். அச்சகத்தின் பின்னறை மின்விசிறி தாளைப் பறக்கடித்துக்கொண்டே இருந்தது, கால்குலேட்டரை மேலே வைத்தால் எண்கள் மறைகின்றன, எடுத்தால் தாள் போகிறது, சனியன். கணவர் காலையிலேயே சொல்லிவிட்டார், குரலைக்கூட உயர்த்தவில்லை. "கணக்கு உதைக்குதுன்னா, வசூலுக்குப் போறது உன் தம்பிதானே? சாயங்காலத்துக்குள்ள அவன்கிட்ட கேட்டுச் சொல்லு. இல்லன்னா நாளையிலிருந்து அவன் வர வேண்டாம்." கேட்டாள். "மாமாவை என் சட்டைப்பையைத் துழாவச் சொல்லுக்கா, நூலும் தூசியும் கிடைக்கும்" என்று சிரித்தான், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? கோபமா, இல்லை, உண்மையிலேயே எடுத்திருப்பானோ... சீ.

சரி, எடுத்தான் என்றே வைத்துக்கொண்டால்? வசூலித்ததைச் சொல்லாமல் அமுக்கியிருந்தால் அது எந்தப் பக்கத்திலும் ஏறியிருக்காது, இரண்டு பக்கமும் சமமாகத்தானே நிற்கும்? பெறுபவர் பற்று, தருபவர் வரவு, எதை எழுதினாலும் இரண்டு கால், ஒரு கால் இடம் மாறினால்தான் கணக்கு நொண்டும். திருட்டினால் இது நொண்டாது, எழுதிய கை பிசகினால்தான் நொண்டும். எழுதுவது அவள் ஒருத்திதான். இது தெரிந்திருந்தும் அவனிடம் போய்க் கேட்டாளே, அப்படியானால் அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததா? இப்போது அதை எப்படித் திருப்பி வாங்குவது... இருக்கட்டும், முதலில் அந்தக் கால். பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டால் அங்கே குறையும், இங்கே கூடும், வித்தியாசம் இரட்டிப்பாகும். அப்படியென்றால் தேட வேண்டியது பாதியை. நாலாயிரத்து முந்நூற்று இருபது. இருக்கிறதே! பில் புத்தகம் அடித்ததற்கு மருந்துக்கடைக்காரர் நேராக வங்கியில் கட்டியது, தம்பியின் கையே படாத பணம். 'உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது' என்று வங்கி செய்தி அனுப்பியது, அவளும் அந்தச் சொல்லை அப்படியே நம்பி வங்கிக் கணக்கில் வரவு எழுதிவிட்டாள். தந்த கடைக்காரருக்கும் வரவு, பெற்ற வங்கிக்கும் வரவு, பற்றே இல்லை.

கணவர் மை படிந்த கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார். "என்ன சொன்னான் உன் தம்பி?"

"அவனை விடுங்க, தப்பு என்னுது. நமக்குத் தர வேண்டியதுன்னு வங்கி அவங்க ஏட்டுல வரவு எழுதுறாங்க. நம்ம ஏட்டுல அது பற்று. நாலாயிரத்து முந்நூத்தி இருபதை இந்தப் பக்கத்துல அடிச்சு அந்தப் பக்கத்துல எழுதினா சரியாயிடும்."