சார்ஜ்மேனுக்குக் கொடுத்த கால் மாத்திரை

...தூங்கத்தானே செய்கிறான், தூங்கட்டும், மூன்று நாளாகக் கண்ணை மூடாத ஜீவன், தூக்கம் வந்தால் வலி போய்விட்டது என்றுதானே அர்த்தம் என்று சாராள் நாலாவது தடவையாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே சமையலறை மூலையில் பழைய போர்வை மேல் கிடந்த பூனையை எட்டிப் பார்த்தாள். வியாழக்கிழமை வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டு ஆறு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள், ஈறெல்லாம் அழுகிப் போயிருக்கு, இவ்வளவு நாள் எப்படித்தான் தின்னுச்சோ என்றாள் டாக்டரம்மா, ஏதோ சாராள்தான் அழுக வைத்த மாதிரி. ஒயர் கூடைக்குள் வைத்து, இன்னொரு கூடையை மேலே கவிழ்த்துக் கட்டி, மின்சார ரயிலில் ஆவடிக்குக் கொண்டுவந்து சேர்த்ததிலிருந்து ஒரே முனகல்... தட்டுக்குப் போவான், முகர்வான், முன்னங்காலால் வாயைத் தட்டிக்கொள்வான், பின்வாங்கிப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு முனகுவான். நெத்திலியை உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளெடுத்து, மசித்து விரலில் தடவி நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டான். பசி இல்லாமல் இல்லை, அதுதான் கொடுமை, பசியும் இருந்து வாயும் திறக்க முடியாமல் போனால் யார்தான் என்ன செய்வது?

சார்ஜ்மேன் என்று பேர் வைத்தது புருஷன் பாஸ்கல். ஃபாக்டரியில் நின்ற இடத்தை விட்டு நகராமல் எல்லாரையும் மேய்க்கிறவன் சார்ஜ்மேன்தான், இவனும் அப்படியே என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளைச் சாய்க்கிற சத்தம் கேட்டால் போதும், அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்காமல் விட மாட்டான். அந்த மனுஷன் போய் இரண்டு வருஷமாகிறது. அவர் போனதற்கு ஃபாக்டரி இவளுக்கு கேன்டீனில் வேலை கொடுத்தது, குவார்ட்டர்ஸையும் விட்டுவைத்தது, சட்டைகளை மைத்துனர் எடுத்துக்கொண்டு போனார், சைக்கிளை அவரோடு ஷிப்ட் பார்த்த ஜெயராமன் கேட்டான் என்று கொடுத்தாயிற்று. மிச்சம் இவன் ஒருவன்தான். இவன் போனால் இந்த வீட்டில் பாஸ்கல் தொட்டு வளர்த்தது என்று ஒன்றும் இருக்காது. இன்றைக்குப் பூனைக்காக லீவு என்றால் கேன்டீனே சிரிக்கும் என்று, தனக்குப் பல்வலி என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

காலையில்தான் பக்கத்து வீட்டு வசந்தகுமாரி வந்தாள், முனகலைக் கேட்டாள். குவார்ட்டர்ஸில் மாத்திரை இல்லாத வீடு கிடையாது, ஃபாக்டரி டிஸ்பென்சரியில் சும்மா கொடுப்பதை யார் வேண்டாம் என்பார்கள், ஜுரம் வந்தாலும் வராவிட்டாலும் வரிசையில் நின்று வாங்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பார்கள், குழம்பு கொடுத்து வாங்குகிற மாதிரி வீட்டுக்கு வீடு கொடுத்து வாங்குவார்கள். வெள்ளை என்றால் ஜுரத்துக்கும் வலிக்கும், மஞ்சள் என்றால் வாந்திக்கு, அவ்வளவுதான் வைத்தியம். "கால் மாத்திரை போதும்க்கா. என் பொண்ணுக்கே அரைதான் குடுக்கிறேன், கம்முனு தூங்கிடும்" என்றாள் வசந்தகுமாரி. சாராள் வெள்ளை மாத்திரையை வெங்காயம் நறுக்குகிற கத்தியால் நாலாக்கி, ஒரு துண்டைப் பொடி செய்து, பாலில் குழைத்து, வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒரு மணி நேரத்தில் முனகல் நின்றது. வீடே லேசான மாதிரி இருந்தது, இரண்டு பக்கெட் துணி துவைத்தாள், சர்ச்சில் பாடுகிற ஒரு ஞானப்பாட்டுகூட வாய்க்குள் வந்தது, வெட்கமில்லாமல்.

இப்போது மணி இரண்டு. தூக்கமா இது? விலா ஏன் இப்படி வேகமாக ஏறி இறங்குகிறது? கிட்டே உட்கார்ந்து பார்த்தாள், தாடை வீங்கியிருந்தது, பல் பிடுங்கிய இடம் வீங்கத்தானே செய்யும், ஆனால் நெற்றியும் கண்ணோரமும் ஏன் வீங்க வேண்டும், உதட்டைத் தூக்கினாள், நேற்று ரோஸாக இருந்த ஈறு காப்பிக் கறை மாதிரி இருந்தது. துணி எடுக்க வந்த வசந்தகுமாரி குனிந்து பார்த்தாள். "இன்னாக்கா, மூஞ்சி இப்படி ஊதிக்கினு கீது? காலையில இப்படி இல்லியே." டாக்டரம்மா சொன்னது சாராள் காதில் கேட்டது, இப்போது சொல்வதுபோல் கேட்டது, வீட்டில் இருக்கிற ஜுர மாத்திரை, தலைவலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், பூனை உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து. கூட்டத்தில் சரியாகக் கேட்கவில்லையோ? கூடையைக் கட்டுகிற அவசரத்தில் மறந்துவிட்டதோ? இல்லை. தலையாட்டினாள், சரிங்கம்மா என்று சொன்னாள். கத்தியை எடுத்தபோதும் அந்தப் பேச்சு மனசில் நின்றது, கால் துண்டு என்ன பண்ணிவிடும் என்று அதை ஓரமாகத் தள்ளினாள். தெரிந்தே செய்தாளா? தெரிந்து யாராவது செய்வார்களா?

கூடையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள், சாயங்காலம் ஒரு டாக்டராவது இருப்பார் என்று வசந்தகுமாரி சொன்னாள், இருப்பார், இருக்க வேண்டும். ரயில் ஆவடியை விட்டதும்தான் அந்த ஆஸ்பத்திரி வார்டு ஞாபகத்துக்கு வந்தது, வரக்கூடாது என்று இரண்டு வருஷமாக அடக்கி வைத்தது. பாஸ்கலுக்கு வயிற்றில் கட்டி, கடைசி நாள், பகலெல்லாம் முனகினார், முனகலுக்கு நடுவே சாராளு, அந்த... அந்த... என்று எதையோ சொல்ல வந்தார். நர்ஸ் தெரசா தனியே கூப்பிட்டு, ஊசி போட்டால் தூங்கிவிடுவார், அப்புறம் பேசுவாரோ என்னவோ, கொஞ்சம் பொறுத்துப் போடலாமா என்று கேட்டாள். இப்போதே போட்டுவிடுங்கள், அவர் கஷ்டப்படக் கூடாது என்றாள் சாராள். புருஷன் வலி பொறுக்காத மகராசி என்று வார்டே சொன்னது. தூங்கினவர் மறுநாள் விடிகிறதற்குள் போய்விட்டார். அந்த... என்ன? எதைச் சொல்ல வந்தார்? பீரோ சாவியா, எல்.ஐ.சி. பேப்பரா, அதெல்லாம் பிறகு கிடைத்துவிட்டது, அப்படியானால் வேறு எதை?

அம்பத்தூரில் ஏறிய ஒரு பெண் எதிரே உட்கார்ந்து கூடையையே பார்த்தாள். கொரட்டூர் தாண்டும்போது உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு முனகல் வந்தது. "ரொம்ப வலிக்குதா அதுக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்லத்தான் சாராள் வாயெடுத்தாள், வந்தது வேறு. "என்னால கேக்க முடியலம்மா." சொன்னபிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கியது, காலையில் நிற்க வேண்டும் என்று நினைத்தது எது, அன்றைக்கு வார்டில் நிற்க வேண்டும் என்று நினைத்தது எது, வலியா, தன் காதில் விழுந்த முனகலா... அந்தப் பெண்ணோ தலையை ஆட்டி, அவ்வளவு பாசம் என்று சொல்லிவிட்டுத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இல்லை, அது பாசமில்லை என்று சொல்லிவிட வேண்டும், யாரிடமாவது ஒருத்தரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. வில்லிவாக்கம் வந்தது, அந்தப் பெண் இறங்கிப் போனாள். சாராள் கூடையின் மேல் காதை வைத்துக்கொண்டு, கத்துடா, நான் கேட்கிறேன் என்றாள்.